தோடர் பூத்தையல்: இழைக் கணக்கைப் பதிவு செய்து காப்பது எப்படி

நீலகிரி மேல்மலையில் தோடர் பழங்குடியினரின் சிற்றூர்களான மந்துகளுக்குப் போகிறவர்கள் எல்லோரும் பெண்கள் கையால் போடும் எம்பிராய்டரியைப் படம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக வடிவங்கள். படத்தில் நன்றாகவே விழும். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு ஒரு பெண் இருபது வருடம் கழித்து அதே வடிவத்தைத் தைத்துவிட முடியுமா? முடியாது. இந்தத் தையலுக்குத் துணியில் வரைந்த கோடு கிடையாது, அச்சு கிடையாது, துணியை இழுத்துக் கட்டும் வளையமும் கிடையாது. நெடுக்கே ஓடும் பாவு இழையையும் குறுக்கே ஓடும் ஊடை இழையையும் எண்ணிக்கொண்டே ஊசி நகர்கிறது. எண்ணிக்கை தெரிந்தால் வடிவம் தானே வரும். ஆகவே முதலில் காப்பாற்ற வேண்டியது எண்ணிக்கைதான்.

இதில் அவசரமும் இருக்கிறது. தோடர்கள் மொத்தமே ஏறத்தாழ 2,000 பேர். தையல் வேலை பெண்களுடையது மட்டும். இந்த வேலைப்பாடு அமைந்த பூத்துக்குளி என்னும் போர்வையை ஆணும் பெண்ணும் விழாக்களில் போர்த்திக்கொள்வார்கள். இறந்தவருக்கும் அதைத்தான் போர்த்துவார்கள். தோடர்கள் உடலை எரிப்பவர்கள், போர்த்திய துணியும் உடலோடு போய்விடும். மிக நல்ல வேலைகள் பல இப்படித்தான் தீயில் சேர்கின்றன. அது அவர்கள் முறை. அதைத் தடுத்து அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று நினைப்பவர்கள் இந்த வேலைக்கு வர வேண்டாம். துணி வீட்டில் இருக்கும்போதே கணக்கை எடுத்து வைப்பதுதான் செய்யக்கூடியது.

மந்தைச் சேர்ந்த இளைஞர்கள், மகளிர் குழுக்கள், அவர்களுக்கு உதவியாகப் போகும் ஆசிரியர்கள், தன்னார்வலர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதிய வழிமுறை இது.

கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்

துணியின் சொந்தக்காரர், அதைத் தைத்தவர், மந்தின் பெரியவர்கள் என மூன்று தரப்பிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒருவர் சரி என்றால் எல்லோரும் சரி என்றதாக ஆகாது. ஒவ்வொரு துணிக்கும் ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டு வைத்துக்கொண்டால் பிறகு தகராறு வராது: வீட்டுக்குள் மட்டும், தோடர் சமூகத்துக்குள் மட்டும், வெளியாருக்கும் காட்டலாம். எந்தக் கட்டத்தில் குறி போடுவது என்பதை அவர்கள் சொல்லட்டும். பின்னால் மனம் மாறினால் கட்டத்தை மாற்றலாம் என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள்.

மந்தில் கோயில் இருக்கும். அதை அனுமதியில்லாமல் படம் எடுப்பதும் அருகே போவதும் கூடாது. துணியைப் படம் எடுக்கும்போது பின்னணியில் கோயில் விழுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் மனக்கசப்பு தொடங்குவது இப்படிக் கவனிக்காமல் எடுத்த ஒரு படத்தில்தான்.

துணி

பூத்துக்குளிக்கான துணியைத் தோடர்கள் நெய்வதில்லை. வெளியிலிருந்து வரும் தடித்த, அரைவெள்ளைப் பருத்தித் துணி அது. ஒரு சிவப்புப் பட்டையும் ஒரு கறுப்புப் பட்டையும் நெசவிலேயே வரும். இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 6 அங்குலம். ஊசி வேலை அந்த இடைவெளிக்குள்ளேயே நிற்கும். எனவே துணி மாறினால் வேலையும் மாறிவிடும். இந்தக் கலை நலிவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் இளம்பெண்கள் ஆர்வம் காட்டவில்லை என்றே சொல்கிறார்கள். சரியான துணி கிடைக்காததும் அதே அளவுக்குப் பெரிய காரணம் என்பது நம் கருத்து.

புதிதாகத் துணி வாங்கும்போது மூன்று சோதனைகள் செய்யுங்கள்.

முதலாவது இழைச் சமநிலை. நெசவுக்காரர்கள் வைத்திருக்கும் மடிப்புக் கண்ணாடியைத் துணிமேல் வைத்து, 1 அங்குலத்துக்குள் பாவு எத்தனை, ஊடை எத்தனை என்று எண்ணுங்கள். கண்ணாடி இல்லாவிட்டால் ஓர் அட்டையில் சரியாக 1 அங்குலச் சதுரம் வெட்டி, குண்டூசி முனையால் இழை இழையாகத் தள்ளி எண்ணலாம். கரையிலிருந்து நான்கு விரல் உள்ளே தள்ளி மூன்று இடங்களில் எண்ணிச் சராசரி எடுங்கள். கரை ஓரத்தில் பாவு எப்போதும் நெருங்கியே இருக்கும். பாவு 28, ஊடை 28 என்றால் சதுரம் சதுரமாகவே வரும். பாவு 28, ஊடை 22 என்றால் அதே கணக்கில் தைத்த வடிவம் உயர வாக்கில் நாலில் ஒரு பங்குக்கு மேல் நீண்டுவிடும். தைப்பவர் கை சுத்தமாக இருந்தும் வடிவம் கோணலாக வருகிறது என்றால் முதலில் துணியைச் சந்தேகப்படுங்கள்.

இரண்டாவது சுருக்கம். துணியில் 20 செ.மீ. சதுரம் ஒன்றை நான்கு மூலையிலும் நூல் போட்டு அடையாளம் செய்து, துவைத்துக் காயவைத்து மறுபடி அளந்து பாருங்கள். ஒரு பக்கம் 19 செ.மீ. ஆகிவிட்டால் 5 சதவீதம் சுருங்கியிருக்கிறது. பாவும் ஊடையும் ஒரே அளவு சுருங்கினால் கவலை இல்லை. ஒன்று 2, மற்றது 7 என்றால் அந்தத் துணியைத் துவைத்த பிறகுதான் தைக்கக் கொடுக்க வேண்டும். எப்படியிருந்தாலும் முன்னதாகத் துவைப்பது நல்லது. பருத்தி சுருங்கும், அக்ரிலிக் நூல் சுருங்காது. துவைக்காத துணியில் தைத்த வேலை முதல் துவைப்பிலேயே குமிழ் குமிழாக எழும்பிவிடும். துவைத்த துணி தளர்ந்து இழை எண்ணச் சிரமமாக இருக்கும், அதற்கு மெல்லிய கஞ்சி போட்டு நிழலில் காயவைத்து எடுத்தால் இழைகள் மறுபடி வரிசைக்கு வந்துவிடும்.

மூன்றாவது, நெசவில் வரும் பட்டையின் சாயம். சிவப்புப் பட்டை மேல் நனைத்த வெள்ளைத் துணியை வைத்து, மேலே ஒரு கனமான கல்லை வைத்து ஓர் இரவு விடுங்கள். காலையில் வெள்ளையில் இளஞ்சிவப்பு தெரிந்தால் அந்தச் சுருளைத் திருப்பி அனுப்புங்கள்.

நூலும் ஊசியும்

சிவப்பும் கறுப்பும்தான் பிரதானம், எப்போதாவது நீலம் வரும். கடையில் 'கம்பளி நூல்' என்று கேட்டால் பெரும்பாலும் அக்ரிலிக்கைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். எது என்று தெரிய, ஒரு விரல் நீளம் நூலை இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் போல் எரிந்து மெல்லிய சாம்பலாக உதிரும். கம்பளி முடி கருகும் நாற்றம் அடித்து, நெருப்பை எடுத்ததும் தானே அணையும். அக்ரிலிக் உருகிக் கெட்டியான கறுப்பு மணியாக நிற்கும். அக்ரிலிக்கைக் கண்டாலே ஒதுக்க வேண்டியதில்லை. நிறம் கெட்டியாக நிற்கும், பூச்சி அரிக்காது. ஆனால் எந்த வேலைக்கு எந்த நூல் என்பது பதிவில் இருக்க வேண்டும். சடங்குக்கு உரிய துணியில் எந்த நூல் போடலாம் என்பதைப் பெரியவர்கள் தீர்மானிக்கட்டும்.

சிவப்பு நூலையும் அந்தக் கல் சோதனைக்கு உட்படுத்துங்கள். உப்புத் தண்ணீரிலோ வினிகரிலோ ஊறவைத்தால் சாயம் பிடித்துக்கொள்ளும் என்று சொல்வதை நம்ப வேண்டாம். சாயம் போட்ட இடத்தில் பிடிக்காததை வீட்டில் பிடிக்கவைக்க முடியாது. வெள்ளைத் தரையில் ஒருமுறை சிவப்பு இறங்கினால் பல வார வேலை வீண்.

ஊசி முனை மழுங்கியதாக இருக்கட்டும், கம்பளி தைக்கும் ஊசி போதும். கூர் ஊசி இழைக்கு நடுவே போவதற்குப் பதிலாக இழையையே குத்திப் பிளக்கும். பிளந்த இழை ஒன்றா இரண்டா என்று அடுத்த வரிசையில் குழப்பம் வரும், தப்பைப் பிரிக்கும்போது துணியும் அறுந்துபோகும்.

எண்ணிப் பழக ஒரு துண்டு

பதிவு எடுக்கப் போகிறவர், தைக்கத் தெரியாவிட்டாலும், எண்ணத் தெரிந்திருக்க வேண்டும். கீழே இருப்பது தோடர் வடிவம் அல்ல. வேண்டுமென்றே எந்த வடிவத்தையும் சாராத ஒரு கணக்கு, கை பழகுவதற்காக மட்டும். மந்தின் வடிவத்தை மந்தில், பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள்.

30 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரம் உள்ள துணித் துண்டு ஒன்று. ஓரத்தை மடித்துத் தைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பிரியும். நடுவிலிருந்து இருபுறமும் 40 பாவு இழைக்கு ஒருமுறை வேறு நிறத்தில் ஓட்டுத் தையல் ஒன்று மேலிருந்து கீழாகப் போடுங்கள். இதுதான் உங்கள் மைல்கல். கணக்கு 8 இழையில் திரும்புவதால் 40க்கு ஒரு கோடு சரியாக வந்து உட்காரும்.

நூலை ஒரு முழ அளவு, ஏறத்தாழ 45 செ.மீ. வெட்டுங்கள். நீளமாக எடுத்தால் முறுக்கிக்கொள்ளும், பஞ்சு பஞ்சாக உரியும். முடிச்சு போடாதீர்கள், இது இருபுறமும் பயன்படும் வேலை. 5 செ.மீ. வாலை விட்டுவைத்து, பிறகு அதே நிறத் தையலுக்குள் 2 செ.மீ. நுழைத்து மறைக்கலாம்.

தோடர் தையலில் வேலை நடப்பது துணியின் மறுபக்கத்தில். ஊசி ஓர் ஊடை இழையை ஒட்டிக் கிடைமட்டமாகப் போகும். பாவு இழைகளின் மேலும் கீழும் நுழைந்து நுழைந்து வரும். முதல் வரிசை: 3 இழைக்கு மேல், 5 இழைக்குக் கீழ், மறுபடி 3 மேல், 5 கீழ். இரண்டாம் வரிசையில் எல்லாவற்றையும் ஓர் இழை வலப்புறம் தள்ளுங்கள். இப்படி ஐந்தாம் வரிசை வரை. ஆறாம் வரிசையிலிருந்து ஓர் இழை ஓர் இழையாக இடப்புறம் திரும்புங்கள். ஒன்பதாம் வரிசை முதல் வரிசையோடு ஒத்துப்போகும். துணியைத் திருப்பிப் பார்த்தால் 5 இழை அகலத்தில் மலைமுகடு போல ஏறி இறங்கும் பட்டை தெரியும்.

நூல் தடிமனாக இருந்தால் ஒவ்வொரு ஊடைக்கும் ஒரு வரிசை போட இடம் போதாது, துணி வளைந்துகொள்ளும். 2 செ.மீ. உயரத்துக்குத் தைத்துப் பார்த்து, துணி தட்டையாகக் கிடந்தால் சரி. தூக்கிக்கொண்டு நின்றால் ஓர் ஊடை விட்டு ஓர் ஊடையில் தைக்க வேண்டும்.

தப்பு வரும் இடங்கள் நான்கு. வரிசை திரும்பும் முனையில் நூலை இழுத்துவிடுவது முதலாவது. முனையில் சிறு வளையமாக நூலைத் தளர விட வேண்டும். தோடர் வேலையில் நூலைக் கொஞ்சம் புடைத்து நிற்க விடுவது வழக்கமே, அந்தப் புடைப்புதான் துணிக்கு அதன் செறிவைத் தருகிறது. இரண்டாவது, ஓர் இழை பிசகுவது. அன்றே கண்டுபிடிக்காவிட்டால் அடுத்தடுத்த வரிசைகள் அந்தப் பிசகையே பின்பற்றும், ஒரு பக்கம் முழுவதும் சாய்ந்துவிடும். 8 வரிசைக்கு ஒருமுறை ஓட்டுத் தையல் கோட்டிலிருந்து எண்ணிச் சரிபாருங்கள். மூன்றாவது, மேலே ஓடும் நூல் மிக நீளமாவது. 7 இழையைத் தாண்டினால் வளையலிலும் நகத்திலும் மாட்டும். நான்காவது வெளிச்சம். மேல்மலையில் மூடுபனி இறங்கிய பிற்பகலில் வெள்ளைத் துணியில் இழை எண்ணுவது கண்ணுக்குக் கேடு. மடியில் கறுப்புத் துணியை விரித்து அதன்மேல் வேலையை வைத்தால் இழைகளுக்கு நடுவே இருக்கும் துளைகள் தெளிவாகத் தெரியும்.

பழைய துணியைப் பதிவு செய்தல்

மேசைமேல் கறுப்புத் துணியை விரித்து, அதன்மேல் பழைய துணியை இழுக்காமல் படுக்க வையுங்கள். மடிப்பை இஸ்திரிப் பெட்டியால் தேய்க்க வேண்டாம், புடைப்பு அமுங்கிவிடும். இரண்டு பக்கத்தையும் படம் எடுங்கள். வழவழப்பான பக்கம்தான் முன்பக்கம் என்று வெளியார் முடிவு செய்துவிடுகிறார்கள். தோடர்கள் சரியான பக்கமாகக் கொள்வது மேடுபள்ளமாகத் தெரியும் பக்கத்தைத்தான்.

ஃபோன் கேமராவே போதும், ஆனால் கணக்குப் போட்டு எடுங்கள். 1 அங்குலத்தில் 30 இழை இருக்கும் துணியில் ஓர் இழைக்குக் குறைந்தது 10 படப்புள்ளி வேண்டும், அதாவது அங்குலத்துக்கு 300. படத்தின் அகலம் 4,000 புள்ளி என்றால் ஒரு படத்தில் 13 அங்குலத்துக்கு மேல் துணி அடங்கக் கூடாது. அகலமான துணியைத் துண்டு துண்டாக, ஒன்றன்மேல் ஒன்று நாலில் ஒரு பங்கு படியும்படி எடுங்கள். ஒவ்வொரு படத்திலும் அளவுகோல் தெரிய வேண்டும். கேமரா துணிக்கு நேர் மேலே, சாயாமல். ஃபிளாஷ் வேண்டாம், நிழலான வெளிச்சத்தில் ஒன்று, பிறகு ஒரு டார்ச்சைத் துணியின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பக்கவாட்டில் அடித்து ஒன்று. இரண்டாவது படத்தில்தான் புடைப்பும் முனை வளையங்களும் தெரியும்.

அடுத்தது கட்டத்தாள். பள்ளி கிராஃப் தாளின் 1 மி.மீ. கட்டம் கண்ணை நோகடிக்கும், 5 மி.மீ. கட்டம் போட்ட பெரிய தாளை அச்சிட்டுக்கொள்ளுங்கள். குறுக்கே ஒரு கட்டம் ஒரு பாவு இழை, நெடுக்கே ஒரு கட்டம் ஒரு தையல் வரிசை. ஒருவர் சொல்ல ஒருவர் நிரப்ப வேண்டும். சொல்பவர் தைக்கத் தெரிந்த தோடர் பெண்ணாக இருக்கட்டும். அவர் எண்ணுவது தோடர் மொழியில்தான். தமிழில் எண்ணச் சொல்லாதீர்கள், கை எண்ணும் தாளம் கெட்டு எண்ணிக்கையும் பிசகும். எழுதுபவர் அந்த மொழியின் எண்களைக் கற்றுக்கொண்டு வர வேண்டும், அது ஒரு நாள் வேலை.

இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. தைக்கும் பக்கத்தில் நூல் மேலே இருக்கும் இடம், மறுபக்கத்தில் கீழே போயிருக்கும். ஆகவே ஒரு பக்கத்தின் கட்டத்தாளில் நிரம்பிய கட்டங்கள் மறுபக்கத்தின் தாளில் வெறுமையாக இருக்கும். அதோடு துணியைத் திருப்பும்போது இடம் வலமாக மாறும். இரண்டையும் சேர்த்தே திருப்ப வேண்டும். வடிவம் இருபுறமும் ஒத்ததாக இருந்தால் இடவலத் தவறு கண்ணில் படாது. ஒருபக்கம் சாய்ந்த வடிவம் வரும்போது தாள் முழுவதும் பொய்யாகிவிடும். தாளின் தலையில் 'தைக்கும் பக்கம்' அல்லது 'போர்த்தும்போது தெரியும் பக்கம்' என்று எழுதாமல் ஒரு கட்டத்தைக்கூட நிரப்பாதீர்கள்.

கட்டத்தாளில் வராதவை: எந்த நிறம் முதலில், வேலை எந்த மூலையில் தொடங்குகிறது, நூலை எவ்வளவு தளர்த்துகிறார், பட்டையிலிருந்து எத்தனை இழை தள்ளி வடிவம் தொடங்குகிறது, இரண்டு வடிவங்களுக்கு நடுவே எத்தனை இழை வெறுமை. இவற்றைக் காணொளியில் பிடியுங்கள். தைப்பவருக்கு எதிரே கேமராவை வைத்தால் எல்லாம் தலைகீழாக, இடவலம் மாறி விழும். பார்த்துக் கற்பவருக்குப் பயன்படாது. தோளுக்குப் பின்னால், சற்று மேலே வையுங்கள். அவர் கண்ணுக்குத் தெரிவதே கற்பவர் கண்ணுக்கும் தெரியட்டும். ஒரு வடிவத்தின் ஒரு முழுச் சுற்றை வெட்டாமல் எடுங்கள், தப்பு செய்து பிரிக்கும் இடம் உட்பட. பிரிக்கும் முறையும் கற்க வேண்டியதுதானே.

வடிவத்தின் பெயரைக் குரலாகப் பதிவு செய்யுங்கள். தோடர் மொழியில் தமிழ் எழுத்துக்குள் அடங்காத உரசொலிகளும் ஆடொலிகளும் நிறைய உண்டு. அந்த மொழிக்குத் தனி எழுத்தும் வழக்கில் இல்லை. நீங்கள் எழுதி வைத்த பெயரை அடுத்த ஊர்க்காரர் வாசித்தால் வேறு ஒன்றாகக் கேட்கும். வெளியில் சத்தம் இல்லாத அறை, வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் மைக், சுருக்காத வடிவக் கோப்பு. ஒவ்வொரு பெயரும் மூன்று முறை. எருமைக் கொம்பு, மலை, மயிலிறகு, சூரியன், சந்திரன் என்று வடிவங்கள் பெரும்பாலும் சுற்றுப்புறத்திலிருந்து வந்தவை. அந்த வடிவம் எந்த வேளையில், யாருக்கு, துணியின் எந்தப் பகுதியில் வரும் என்பதையும் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பெண்கள் இரண்டு பெயர் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். ஒன்றைச் 'சரி' என்று தேர்ந்தெடுக்கும் உரிமை பதிவு செய்பவருக்குக் கிடையாது.

கடைசியாக ஒரு தேர்வு. அசல் துணியைப் பார்க்காத வேறொரு பெண்ணிடம் கட்டத்தாளையும் காணொளியையும் மட்டும் கொடுத்து ஒரு சாண் அகலம் தைக்கச் சொல்லுங்கள். அதை மூத்தவர் ஒருவரிடம் காட்டுங்கள். அவர் ஏற்றுக்கொண்டால் பதிவு முடிந்தது. இல்லையென்றால் தாளில் எங்கோ ஓட்டை இருக்கிறது. பெரும்பாலும் அது வடிவங்களுக்கு நடுவே விட வேண்டிய வெறுமையாகவோ நூலின் தளர்வாகவோ இருக்கும்.

துணியை வைத்துக்கொள்வது

ஊட்டியைச் சுற்றித் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்கும் மாறி மாறி வரும், பூசணம்தான் முதல் எதிரி. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பருத்தியில் பூசணம் பிடிக்கும். சில நூறு ரூபாய் ஈரப்பதமானி ஒன்றைப் பெட்டிக்குள் வையுங்கள். பாலிதீன் பையில் கட்டி வைப்பது ஈரத்தையும் உள்ளே கட்டி வைப்பதாகும். பலமுறை துவைத்துக் கஞ்சி போன பழைய வெள்ளை வேட்டி போல நல்ல உறை கிடையாது. 4 அங்குலக் குழாய் ஒன்றின்மேல் அதைச் சுற்றி, அதன்மேல் துணியைச் சுருட்டி, சிவப்பு வெள்ளைமேல் படாமல் நடுவிலும் வேட்டித் துணியை விட்டுச் சுருட்டுங்கள். மடித்து வைத்தால் மடிப்பு விழுந்த கோட்டிலேயே இழை அறும். செய்தித்தாள் வேண்டாம், அதன் அமிலமும் மையும் துணியில் ஏறும்.

பூச்சி இருப்பதாகச் சந்தேகம் வந்தால், காற்றுப் போகாமல் பாலிதீனில் கட்டி, வீட்டு உறைபெட்டியில் இரண்டு வாரம் விடுங்கள். வெளியே எடுத்த பின் ஒரு நாள் முழுவதும் பையைத் திறக்கக் கூடாது. திறந்தால் குளிர்ந்த துணிமேல் வியர்வை போல ஈரம் படியும். நாஃப்தலீன் உருண்டை துணிமேல் நேரடியாகப் படக் கூடாது. வேப்பிலை போடுவது தவறில்லை, அதை மட்டும் நம்பியிருக்க முடியாது. மிகப் பழைய துணியைத் துவைக்க நினைப்பவர்களுக்கு ஒரே பதில்: வேண்டாம்.

கற்றுக்கொடுப்பது, விலை போடுவது

வகுப்பை ஊட்டி நகரத்து மண்டபத்தில் வைக்காமல் மந்திலேயே வையுங்கள். ஒரு மூத்தவருக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது, ஊசி முனையைப் பார்க்க வேண்டுமே. முதல் சில வாரங்களுக்கு வடிவமே வேண்டாம், நேர்வரிசையும் முனை வளையமும் போதும். கற்றுக்கொடுக்கும் பாட்டிக்கு நாள் கூலி கட்டாயம் கொடுக்க வேண்டும். கற்கும் காலத்தில் செய்ததை விற்கக் கூடாது என்று வைத்துக்கொண்டால் அவசரத்தில் கை கெடாது.

விற்பனைக்கான வேலையில் பெண்கள் பலர் ஏமாறுவது நேரத்தைக் கணக்கில் எடுக்காததால். தொடங்கிய நேரமும் நிறுத்திய நேரமும் ஒரு நோட்டில் எழுதப்பட வேண்டும். எடுத்துக்காட்டுக்கு, ஒரு சால்வைக்கு 60 மணி நேரம், மணிக்கு 80 ரூபாய் என்று வைத்தால் 4,800, துணி, நூல் 700, அடக்கம் 5,500. கடைக்காரர் விற்ற விலையில் 30 சதவீதம் எடுப்பார் என்றால், 5,500 மேல் 30 சதவீதம் சேர்த்து 7,150 என்று சீட்டு ஒட்டுவது வழக்கமான தவறு. 7,150இல் 30 சதவீதமான 2,145 போனால் கையில் 5,005தான், 495 ரூபாய் நஷ்டம். 5,500ஐ 0.7ஆல் வகுக்க வேண்டும். ஏறத்தாழ 7,860 ரூபாய் வரும்.

சந்தைக்கான பைகளிலும் மேசை விரிப்பிலும் பச்சை, மஞ்சள் எல்லாம் வந்துவிட்டன. வாங்குபவர் கேட்டால் போடட்டும், அதில் குற்றம் காண ஏதுமில்லை. இறப்புச் சடங்கோடு சேர்ந்த வடிவம் கைபேசி உறையில் வரலாமா என்பதுதான் கேள்வி, அதைப் பெரியவர்கள் சொல்ல வேண்டும்.

குறியீடு எதைக் காக்கும், எதைக் காக்காது

தோடர் எம்பிராய்டரிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தோடர் நலவாழ்வு சங்கமும் கோத்தகிரியின் கீஸ்டோன் அமைப்பும் பூம்புகார் நிறுவனமும் சேர்ந்து அதற்கு விண்ணப்பித்தன. குறியீடு இருந்தால் மட்டும் போதாது; தைக்கும் ஒவ்வொரு பெண்ணும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அதற்குச் சென்னையில் உள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் ஜிஐ-3 படிவம். பதிவு 10 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். தேதியைக் குழுவின் நோட்டு அட்டையிலேயே எழுதி வையுங்கள்.

போலியைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. அச்சடித்ததாக இருந்தால் மறுபக்கம் வெளிறிக் கிடக்கும். இயந்திரத்தில் போட்டதாக இருந்தால் மறுபக்கத்தில் வேறு மெல்லிய நூல் ஓடும், விறைப்பான தாள் ஒட்டியிருக்கும், ஊசி இழையைக் குத்தித் துளைத்திருக்கும். கைவேலையில் நூல் இழைகளுக்கு நடுவே மட்டுமே நுழையும், மறுபக்கம் முன்பக்கத்தின் தலைகீழாக இருக்கும்.

ஆனால் சட்டம் காப்பது பெயரை மட்டும். ஒருவர் இதே வடிவத்தை இயந்திரத்தில் போட்டு, 'தோடர்' என்ற சொல்லே இல்லாமல் 'மலைச் சால்வை' என்று விற்றால் புவிசார் குறியீட்டுச் சட்டத்தால் அவரைப் பிடிப்பது கடினம். இங்கேதான் பதிவு செய்பவர் விழிப்பாக இருக்க வேண்டும். இழை இழையாக எடுத்த கட்டத்தாள், எம்பிராய்டரி இயந்திரக்காரருக்கு உழைப்பில்லாமல் கிடைத்த கோப்பு. ஆகவே வெளியாருக்குக் காட்டலாம் என்று குறி போட்ட துணிக்குக்கூட, இணையத்தில் போடும் படம் அகலத்தில் 1,000 புள்ளிக்குள், துணி முழுவதும் தெரியும்படி இருக்கட்டும். அதில் இழையை எண்ண முடியாது. கட்டத்தாளும் காணொளியும் பெரிய படங்களும் மந்தின் சொத்து. அவற்றை உங்கள் கணினியில் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று சொல்லி எடுத்துப்போகாதீர்கள்.

மூன்று பிரதி வைக்கவும்: இரண்டு வன்தட்டு, இரண்டு வெவ்வேறு வீட்டில், ஒரு காகிதத் தொகுப்பு. காகிதத்துக்கு அமிலம் இல்லாத தாள். பென்சில் நல்லது, பால்பாயிண்ட் மை வருடங்கள் போகப் போக மங்கிப் பரவும். தாள் எண்ணையே கோப்பின் பெயராக வையுங்கள், வடிவத்தின் பெயரைக் கோப்புக்கு வைத்தால் ஒரே வடிவத்துக்கு மூன்று எழுத்துக்கூட்டல் வந்து தேட முடியாமல் போகும். வருடத்துக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்ததும், வன்தட்டுகளைத் திறந்து கோப்புகள் படிக்கின்றனவா என்று பாருங்கள். அன்றைக்கே துணிச் சுருள்களையும் பிரித்துக் காற்றாடவிட்டு, ஈரப்பதமானியின் எண்ணைக் குறித்துவைத்து, பழைய மடிப்பு விழுந்த இடத்துக்கு மேல் இல்லாமல் வேறு பக்கமாகச் சுருட்டி வைக்கலாம்.